குறியும் தீர்ப்பும்

நாளை நிகழவிருப்பதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மனிதனோடு பிறந்தது. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரியில் வாழும் நமக்கு அது புதிதன்று. முக்கூடல் என்று முன்னர் வழங்கிய இப்பகுதியைக் களமாகக் கொண்டெழுந்த முக்கூடற்பள்ளு, ஆற்றில் வெள்ளம் வருமுன் தோன்றும் அடையாளங்களை நிரல்படக் காட்டுவதைத் தமிழறிந்தோர் அறிவர். வானில் மின்னல், கேணியில் தவளையின் கூக்குரல், சேற்றால் வளையை அடைத்துக்கொள்ளும் நண்டு ஆகிய இவற்றையெல்லாம் நம் முன்னோர் ‘குறி’ என்றனர்.

குறி வேறு, தீர்ப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் தீங்கை 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாம் கண்ணாரக் கண்டோம். குறியைக் குறியென்றும் மதியாது மறைப்பதால் விளையும் தீங்கையும் அப்போதே கண்டோம். பின்னதில் நமக்கும் பங்குண்டு. ஆதலின் இதனை எழுதுகிறோம்.

கொரோனாவின் இரண்டாம் அலை நெல்லைச் சீமையை உலுக்கிய நாட்கள் அவை. மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரங்களுக்கென இருந்த திரவ ஆக்சிஜன் மருத்துவமனைகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. நம்மோடு இருபதாண்டு பழகிய நெல் வியாபாரி ஒருவர், வயது அறுபத்தெட்டு, மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். ஓரிரவு அவருடைய மூத்த மகன் நம் வாசலில் வந்து நின்று இரத்தப் பரிசோதனைத் தாளொன்றை நீட்டினார்.

“ஹஜ்ரத், இதிலுள்ள எண்களைப் பார்த்துவிட்டு அங்கே ஒருவர், ‘இனி வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்’ என்கிறார். வாப்பாவை அழைத்து வந்துவிடலாமா?” என்று கேட்டார்.

அவ்வெண்கள் யாவை? முதலாவது சி.ஆர்.பி. எனப்படும் புரதத்தின் அளவு. 1930-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோது இதன் இருப்பை உணர்ந்தனர். நுரையீரலில் அழற்சி மூண்டதும் இன்டர்லூகின்-6 என்னும் தூதுப்பொருள் கல்லீரலுக்குச் செய்தி கொண்டு செல்கிறது. கல்லீரல் சில மணி நேரத்துக்குள் இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. நலமுள்ளவரிடம் பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் நிற்பது, கடும் நோயில் நூற்றையும் கடந்து ஏறும். இரண்டாவது டி-டைமர். இரத்தக் குழாய்களுக்குள் கட்டிய உறைவை உடல் கரைக்கும்போது உதிரும் துணுக்கு அது. மூன்றாவது நிணவணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. முதலிரண்டும் ஏறி, மூன்றாவது இறங்குமாயின் நோய் கடுமையாகிறது என்பது பொதுவிதி. நம் நண்பரின் தாளில் அவ்வாறே இருந்தது.

நோயின் போக்கை முன்னுரைக்கும் கலை நேற்றுத் தோன்றியதன்று. புக்ராத் என்று அரபு நூலோர் அழைக்கும் ஹிப்போகிரட்டஸின் முன்னறி நூலை, ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் பெயர்த்தார். ‘தக்திமத்துல் மஃரிஃபா’, அதாவது ‘அறிவை முற்படுத்தல்’ என்பது அதற்கு வாய்த்த பெயர். தேரையர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ முறையோ, சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை இட்டு, அது பாம்பென நீண்டால் வாதம், மோதிரமெனப் பரந்தால் பித்தம், முத்தென நின்றால் கபம் என்று கூறிற்று. அதற்கு நெய்க்குறி என்று பெயர். ஈண்டும் ‘குறி’ என்னும் சொல்லே வருவதைக் காண்க. புக்ராத்தும் தேரையரும் கண்ணால் தேடியதை இன்றைய ஆய்வகம் எண்ணால் தேடுகிறது.

எண் என்றவுடன் நமக்கு ஓர் அச்சம் கலந்த மரியாதை உண்டாகிவிடுகிறது. கண் பிழைக்கும், எண் பிழைக்காது என்று கருதுகிறோம். அது சரிதானா? வூஹான் நகரின் இரு மருத்துவமனைகளில் இருந்த 191 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2020 மார்ச்சில் வெளிவந்தது. அவர்களுள் 54 பேர் இறந்தனர். சேரும்போதே டி-டைமர் 1 மைக்ரோகிராமைக் கடந்திருந்தவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 மடங்கு என்று அவ்வாய்வு கணித்தது. அச்சம் தரும் எண்! ஆனால் அதே ஆய்வு, உண்மையான அளவு ஏறத்தாழ 3 மடங்கு முதல் 128 மடங்கு வரை எங்கேனும் இருக்கலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னது. பதினெட்டு உலகெங்கும் பரவியது. மூன்றும் நூற்றிருபத்தெட்டும் தாளிலேயே தங்கிவிட்டன.

அதே நகரின் 485 நோயாளிகளைக் கொண்டு மற்றொரு குழுவினர் ஒரு கணிப்பு முறையை உருவாக்கினர். மூன்றே இரத்த அளவுகளைக் கொண்டு, பத்து நாட்களுக்கு முன்பே, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக மரணத்தை முன்னுரைக்கலாம் என்றனர். நெதர்லாந்து, பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளின் மருத்துவர்கள் தத்தம் நோயாளிகளிடம் அதனைச் சோதித்தபோது, அக்கணிப்பு அந்த அளவுக்குத் தேறவில்லை. ஓர் ஊரின் குறி மற்றோர் ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை.

பிரிட்டனில் 35,463 நோயாளிகளைக் கொண்டு அமைத்த மதிப்பீடு இவற்றினும் நிதானமானது. எட்டு செய்திகளைச் சேர்த்து 21 மதிப்பெண்வரை வழங்குவது அது. அவ்வெட்டில் இரத்தம் சொல்பவை யூரியாவும் சி.ஆர்.பி.யும் ஆகிய இரண்டே. ஏனைய ஆறும் வயது, பால், பிற நோய்கள், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, உணர்வுநிலை என, நோயாளியின் அருகில் அமர்ந்தே அறியத்தக்கவை. 15-உம் அதற்கு மேலும் பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர் மருத்துவமனையில் இறந்தனர். எஞ்சிய 38 பேர்? அவர்களுடைய இரத்தமும் அதே எச்சரிக்கையைத்தான் சொல்லியிருந்தது.

இங்கே மார்க்கம் பயின்றோர் சிலர் ஓர் ஐயம் எழுப்புவர். மரணத்தை முன்னுரைப்பது, இறைவனுக்கே உரிய மறைவான அறிவில் கை வைப்பதாகாதா என்பர். ஆகாது என்பதே நம் கருத்து. அடையாளத்தைக் கண்டு ‘இவ்வாறு நிகழக்கூடும்’ என்பது ழன்னு, அதாவது மிகுதியான எண்ணம். ‘இவ்வாறே நிகழும்’ என்பது யகீன், அதாவது உறுதி. மேகம் கண்டு குடை எடுப்பவன் மறைவை அறிந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மருத்துவரும் அத்தகையரே. நூறு பேரைப் பற்றிச் சொன்னதை, எதிரே படுத்திருக்கும் ஒருவரின் விதியாக அறுதியிடும்போதுதான் எல்லை மீறப்படுகிறது.

ஆதலின் அன்றிரவு அந்த மகனிடம், “அழைத்து வர வேண்டாம். இந்த எண் உங்கள் வாப்பாவுக்கு எழுதிய தீர்ப்பன்று” என்றோம். அதனை இன்றும் சரியென்றே கொள்கிறோம். இங்கிலாந்தின் ‘ரெகவரி’ ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. 75-உம் அதற்கு மேலும் இருந்தவர்களைத் தேர்ந்து, இன்டர்லூகின்-6இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேர் இறக்க, இம்மருந்தும் பெற்றவர்களில் 31 பேரே இறந்தனர் என்று 2021-இல் அறிவித்தனர். நூற்றுக்கு நான்கு உயிர்! ஓரிடத்தில் ‘கைவிடுக’ என்று பொருள் கொள்ளப்பட்ட அதே எண், மற்றோரிடத்தில் ‘விரைந்து உதவுக’ என்று பொருள் கொள்ளப்பட்டது. எண் ஒன்றே; அதைப் படித்த உள்ளங்கள் வேறு.

ஆனால் நம் பிழை அதற்குப் பின் நிகழ்ந்தது. நான்காம் நாள் நண்பர் தொலைபேசியில், “தாளில் என்ன இருக்கிறது, ஹஜ்ரத்? மறைக்காமல் சொல்லுங்கள்” என்றார். “ஒன்றுமில்லை, நலமாகத் திரும்புவீர்கள்” என்றோம். அவர் சற்று மௌனமாக இருந்துவிட்டுத் தொலைபேசியை வைத்தார். ஒன்பதாம் நாள் இறந்தார். கைம்பெண் ஒருவர் அவரிடம் அமானிதமாகக் கொடுத்திருந்த நகைகளை எங்கே வைத்தார் என்பதை எவரிடமும் சொல்லிச் செல்லவில்லை. மக்கள் பல மாதம் தேடிக் காணாது, நிலத்தில் ஒரு பகுதியை விற்று ஈடு செய்தனர்.

நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் பாடத்தை நாமே மறந்தோம். இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ முதலிய ஷாஃபிஈ சட்ட நூல்கள் ‘அஞ்சத்தக்க நோய்’ என ஒன்றை வகுக்கின்றன. அந்நிலையில் ஒருவர் வழங்கும் கொடை, அவர் அந்நோயிலேயே இறந்தால், சொத்தில் மூன்றிலொரு பங்குக்குள் அடங்க வேண்டும். நோய் அத்தகையதா என்று ஐயம் எழுந்தால், நேர்மையுள்ள இரு மருத்துவர்களின் சாட்சியம் வேண்டும். அவர் பிழைத்தெழுந்தாலோ கொடை முழுமையாகச் செல்லும். எத்துணை நுட்பமான ஏற்பாடு! மருத்துவர் சொல்லை மதிக்கிறது. அதன்மேல் சட்டத்தையே நிறுத்துகிறது. ஆயினும் நோயாளி பிழைத்து அச்சொல்லைப் பொய்யாக்குவதற்கு வாசலைத் திறந்தே வைக்கிறது. குறிக்குரிய மதிப்பு இதுவே.

‘நிலை கடினமாக இருக்கிறது, முயற்சி நடக்கிறது, சொல்ல வேண்டியதைச் சொல்லி வையுங்கள்’ என்று நாம் கூறியிருக்க வேண்டும். அது நம்பிக்கையைக் கெடுத்திராது. சேற்றால் வளையை அடைக்கும் நண்டு, வெள்ளம் வந்தே தீரும் என்று தீர்மானித்து வாழ்வை வெறுத்துவிடுவதில்லை. வராது என்று தன்னை ஏமாற்றிக்கொள்வதுமில்லை. செய்யத்தக்கதைச் செய்கிறது. நம் நண்பருக்கு அந்த நண்டின் வாய்ப்பை நாம் கொடுக்கவில்லை.

அந்தத் தாள் இன்றும் நம்மிடம் இருக்கிறது. அதன் அடியில், நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்னும் கருத்துள்ள ஒரு வரி சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பதைப் பின்னரே கவனித்தோம். ஃபத்வா எழுதும் ஆலிம்கள், ஆராய்ந்து முடிவு கூறிய பின்னரும், இறுதியில் ‘வல்லாஹு அஃலம்’, இறைவனே நன்கறிந்தவன், என்று எழுதிக் கையொப்பமிடுவர். ஆய்வகத் தாளின் அச்சிறு வரியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பெரிய எழுத்தில் உள்ள எண்களைப் படிப்போர் அதனையும் சேர்த்துப் படிப்பாராக.