புல்லுக்கும் ஒரு கோடை

நண்பர் ஒருவர் திருத்தணியில் வீடு கட்டியிருக்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர். ரிட்டயர் ஆனதும் ஊர் ஓரமாக மனை வாங்கி, வாசலில் இருபதுக்கு இருபது அடியில் கொரியன் புல் போட்டார். சாயங்காலம் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே முருகன் மலை. "இதுக்குத்தான்யா முப்பது வருஷம் உழைச்சேன்" என்பார்.

புல் விஷயத்தில் அவர் பஞ்சாங்கம் மாதிரி. ஆடி மழைக்கு முன்னால் மக்கிய சாணமும் சலித்த செம்மண்ணும் தூவுவார். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்காமல் வடித்துவிடுவார்; தேங்கினால் வேர் அழுகிவிடும். மார்கழியில் புல் மெதுவாகத்தான் வளரும், கத்தரிக்கு ஓய்வு. ஒரேயடியாக ஒட்ட வெட்டமாட்டார், நுனியை மட்டும்தான். சித்திரை வந்தால்தான் சோதனை. கோடையில் வெயில் செய்தி வாசித்தால் திருத்தணி பெயர் வராமல் போகாது. அக்னி நட்சத்திரத்தில் 104 டிகிரியைத் தாண்டுவது அங்கே சர்வசாதாரணம்.

அப்படி ஒரு சித்திரையில் போயிருந்தேன். நண்பர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருக்கோடி அடிபம்பு வற்றிவிட்டிருந்தது. எங்கிருந்தோ குடம் தூக்கி வந்த ஒரு பெண், கேட் பக்கம் ஒரு விநாடி நின்று, புல்லில் பாயும் தண்ணீரைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. போய்விட்டார்.

திட்டியிருந்தால் நண்பர் பதில் சொல்லியிருப்பார். பார்வைக்கு என்ன பதில் சொல்வது? என்னிடம்தான் சீறினார். "என் இடம், என் போர், என் கரண்ட் பில். இதுல என்னய்யா தப்பு?"

சட்டென்று எனக்கும் பதில் தோன்றவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கொளுத்தும் வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல் பச்சையாக இருக்க, ஒரு நாளைக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். அவருடைய புல்தரை 37 சதுர மீட்டர். ஆக 185 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 12 குடம். தினமும்.

மனைக்குக் காம்பவுண்டு சுவர் உண்டு. அடியில் இருக்கும் தண்ணீருக்குக் கிடையாது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சொன்ன விஷயமும் அதுதானே? என் கூரையில் விழுந்தாலும் மழை ஊருக்குச் சொந்தம்.

நண்பர் கொஞ்சம் இறங்கிவந்தார். "கணக்கெல்லாம் சரி. வாடினா வயிறு எரியுதே. வளர்த்த உசிரு இல்லையா?"

நியாயமான கேள்வி. ஆனால் நாம் நேசிப்பது புல்லையா, பச்சை நிறத்தையா? வீட்டு முன்னால் புல்தரை என்ற ஆசை இங்கிலாந்துப் பிரபுக்களிடமிருந்து வந்தது. அங்கே வருஷம் முழுக்க மழை தூறிக்கொண்டே இருக்கும். புல் தானாகப் பச்சையாக இருக்கும். நாம் அந்தப் படத்தை வாங்கி வந்துவிட்டோம், அந்த மேகத்தை வாங்கி வரவில்லை. திருத்தணி மலைக்கு 365 படிகள், வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. அந்த 365 நாளும் ஒரே நிறத்தில் இருக்கவேண்டும் என்று மலையிலிருக்கும் எந்த மரமும் கேட்டதில்லை. நாம்தான் கேட்கிறோம்.

களை எடுக்க வரும் அம்மா அப்போது அறுகம்புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிள்ளையாருக்குக் காசு கொடுத்து வாங்குகிற அதே அறுகு, இங்கே களை! அமெரிக்காவில் இதற்குப் பெர்முடா புல் என்று பெயர். வெயில் தேசங்களில் கோல்ஃப் மைதானங்களுக்கே இதைத்தான் போடுகிறார்கள். சுவருக்கு வெளியே காய்ந்து கிடந்த அறுகைக் காட்டி அந்தம்மா சொன்னார்: "அது சாவல சார். தூங்குது. ஒரு மழ பேஞ்சா எழுந்துக்கும்."

உண்மைதான். தண்ணீர் இல்லாதபோது இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டில் உயிரை வைத்துக்கொள்ளும். கல்யாணத்தில் அறுகுபோல் வேரூன்றச் சொல்லி வாழ்த்துகிறோமே, சும்மாவா? கொரியன் புல்லும் ஓரளவு தாங்கும். வாரம் ஒருமுறை விடியற்காலையில் வேர்வரை நனைத்தால் உயிர் நிற்கும். பச்சைதான் போகும்.

காப்பாற்றுவது வேறு, வாடவே விடாமல் பார்த்துக்கொள்வது வேறு. பிள்ளை வளர்ப்பில் இந்த வித்தியாசம் தெரிய நமக்குப் பாதி ஆயுள் ஆகிறது. வாட வேண்டிய நேரத்தில் வாட விட்டு, சாகாமல் மட்டும் பார்த்துக்கொள்வதற்கு அன்போடு கொஞ்சம் தைரியமும் வேண்டியிருக்கிறது.

அந்தக் கோடையில் நண்பர் ஹோஸைச் சுருட்டி வைத்தார். வாரம் ஒரு நாள் போர் தண்ணீர். மற்றபடி அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர்தான். தரை பழுப்பானது. விருந்தாளிகள் துக்கம் விசாரித்தார்களாம். ஆடியில் போன் செய்தார். "முக்கால்வாசி எழுந்துடுச்சுய்யா. ரெண்டு இடத்துல சுத்தமா போச்சு. அங்கெல்லாம் அறுகு வந்திருக்கு. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"'அப்போ நான் வர வேணாமா சார்?'னு கேட்டுட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. புல்லைப் பத்தி யோசிச்சேன், அவங்க கூலியைப் பத்தி யோசிக்கலையே! 'வாங்கம்மா, கோரைக்கிழங்கு இன்னும் நிறைய இருக்கு'ன்னு சொல்லியிருக்கேன்."