சொல்லிவைத்த தோல்வி

"தாராசிங் – கிங்காங் குஸ்தியெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது, ஓய்!" என்று சொல்லிவிட்டு, பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்போல மீசையைத் தடவிக்கொள்கிறவர்கள் கடையத்திலும் உண்டு. அவர்களேதான் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகிறார்கள். சூரன் தோற்கப்போகிறான் என்று தெரியாமலா? யானைத் தலை போய், சிங்கத் தலையும் போய், சொந்தத் தலையோடு அவன் வரும்போது கடற்கரையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அது தெய்வ காரியம், இது டிக்கெட் காசு என்பீர்கள். வாஸ்தவம். நிஜமென்று சொல்லிப் பொய்யை விற்பது தப்புத்தான். என்னை உறுத்துவது வேறு. பொய்க் காரியத்தில் கொடுத்த வாக்குக்கு மதிப்பு உண்டா?

ரிக்கிடோசான் என்று ஒரு பயில்வான். சுமோவை விட்டுவிட்டு 1952-ல் ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் போய்த் தொழில் கற்றவர். அந்நாளைய அமெரிக்க மேடையில் ஜப்பானியனுக்கென்று ஒதுக்கிய வேஷம் துஷ்டன் வேஷம். கண்ணில் உப்பை வீசிவிட்டுக் கடைசியில் உதை வாங்குவான். ஊர் திரும்பிய ரிக்கிடோசான் அதைப் புரட்டிப் போட்டார். துஷ்டன் வெள்ளைக்காரன், வீரன் ஜப்பானியன். 1954 பிப்ரவரியில் ஷார்ப் சகோதரர்களோடு அவர் மோதியபோது, தெருவில் வைத்த டெலிவிஷன் பெட்டிகளின் முன்னால் ஜனம் நெரிந்தது. ஜப்பானின் மானத்தைக் காத்த அந்த வீரர் பிறந்தது கொரியாவில்! அதையும் மறைத்து வைத்திருந்தார்.

அப்போது அவருக்குத் துணையாக நின்று மல்லாடியவர் ஜூடோ வீரர் கிமுரா. அதே வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இருவரும் டோக்கியோவில் எதிரெதிரே நின்றார்கள். வெற்றி தோல்வி இல்லாமல் முடிப்பதாகவே பேச்சு என்று கிமுரா பின்னாளில் சொன்னார். நடுவில் ரிக்கிடோசான் நிஜமாகவே அடிக்கத் தொடங்கிவிட்டார். கிமுரா ரத்தத்தில் கிடந்தார். தம்மைத் தகாத இடத்தில் உதைத்ததால்தான் கோபம் வந்தது என்பது ரிக்கிடோசான் கட்சி.

காசு கொடுத்தவனுக்கு அன்றுதான் அசல் சண்டை கிடைத்தது என்று வாதாடலாம். எனக்கு ஒப்பவில்லை. நாடகத்தில் பீமன் மெய்யாகவே துரியோதனன் தொடையை முறித்தால், நடிப்புப் பிரமாதம் என்று கைதட்டுவோமா? பேசிவைத்து விழுகிறவன் தன் கழுத்தையே எதிராளி கையில் கொடுத்துவிட்டுத்தான் விழுகிறான். ஊரை ஏமாற்றினாலும் அவர்களுக்குள் அது சத்தியம்.

ரிக்கிடோசான் 1963 டிசம்பரில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். கிமுரா 1993 வரை இருந்தார். இருவரும் மறுபடி மோதவே இல்லை.