கொடுத்த சொல்லும் விட்ட வேலையும்

வேலை தருவதாக எழுதிக் கொடுத்தவர், மற்றவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகு திரும்பப் பெற்றால், அங்கே உடைவது எது என்பது பழைய கேள்வி. பணம் கைமாறவில்லை, ஒரு நாள் வேலைகூட நடக்கவில்லை. ஆனாலும் கேட்டவர் எல்லோரும் அதை அநியாயம் என்பார்கள். அந்த அநியாயம் சொன்னவரின் சொல்லில் இருக்கிறதா, கேட்டவர் அதை நம்பிச் செய்த காரியத்தில் இருக்கிறதா என்ற இடத்தில்தான் சமய மரபுகளும் சட்டங்களும் வழி பிரிகின்றன.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லைப் பக்கம் இருக்கும் நல்லேப்பிள்ளி போன்ற ஊர்களில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. நெல்லும் தென்னையும் கள்ளும் எல்லோருக்கும் பிழைப்புத் தருவதில்லை. படித்த பிள்ளைகள் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கோ, வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கோ வேலை தேடுகிறார்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் பழைய இடத்தில் ராஜினாமா, நோட்டீஸ் பீரியட், புது ஊரில் அறைக்கு அட்வான்ஸ் என்று காரியங்கள் வரிசையாக நடந்துவிடும். சேரும் நாளுக்கு முன்பு ‘அந்தப் பணியிடம் இப்போது இல்லை’ என்று ஒரு மெயில் வரும்போது, பழைய இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது; அவர் கடைசிக் காலத்தை அங்கே கழித்தார் என்பது மரபு. அவருடைய ‘அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு’ கேரளத்து வீடுகளில் கர்க்கடகத்தில், அதாவது தமிழ் ஆடியை ஒட்டிய மாதத்தில், நாள்தோறும் படிக்கப்படுகிறது. அதன் அயோத்தியா காண்டத்தின் தொடக்கமே அறிவித்த பிறகு திரும்பப் பெறப்பட்ட ஒரு நியமனம்தான். ராமனுக்கு முடிசூட்ட நாள் குறித்தாயிற்று, ஊருக்குச் சொல்லியாயிற்று. விடிவதற்குள் எல்லாம் மாறிவிடுகிறது. தசரதன் முன்பு கைகேயிக்குக் கொடுத்த இரண்டு வரங்கள் குறுக்கே வந்தன. ஒரு சொல்லைக் காக்க இன்னொரு சொல்லை விட்டான். மரபு அவனை வாய்மை தவறாதவனாகவே எண்ணுகிறது. மூத்த சொல் இளைய சொல்லை வெல்லும் என்பது அதன் கணக்கு. பார்வை முழுக்கச் சொன்னவனின் வாய்மை மேல் இருக்கிறது. கேட்டவனுக்கு என்ன ஆயிற்று என்பது அங்கே தனி வழக்காகவே எழவில்லை.

அதை எழுப்பப் பார்த்தவன் லட்சுமணன் மட்டுமே. அவன் கோபத்தைத் தணிக்க ராமன் சொல்லும் லட்சுமணோபதேசம் கிளிப்பாட்டிலேயே பலருக்கும் மனப்பாடமான பகுதி: உடலும் பதவியும் போகமும் நிலையில்லாதவை என்பது அதன் சாரம். இழந்தவனே சொல்லும்போது அது ஞானம். அதே வார்த்தையை எச்.ஆர். அலுவலகம் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

ஓணக் கதை மறுபக்கத்தைக் காட்டுகிறது. மூன்றடி மண் தருவதாக மகாபலி சொன்ன பிறகு, அதை மறுத்துவிடும்படி குரு சுக்கிரர் வாதாடுகிறார். பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் அவர் அடுக்கும் விலக்குகளில் ஒன்று பிழைப்பு: தன் பிழைப்புக்கே ஆபத்து என்றால் பொய் பழியாகாது. நிலைமை மாறிவிட்டது, ஆள் எடுக்க வசதியில்லை என்னும் இன்றைய கடிதங்களின் தர்க்கமும் இதுதான். பாகவதம் சுக்கிரரை வாதத்தால் பெரிதாக வெல்லவில்லை. பலி அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

அர்த்தசாஸ்திரம் தத்துவம் பேசாமல் தண்டம் குறிக்கிறது. வேலைக்கு ஒப்புக்கொண்டு செய்யாத ஆளுக்கும், ஒப்புக்கொண்ட ஆளிடம் வேலை வாங்காத முதலாளிக்கும் ஒரே தண்டம்: 12 பணம். நோய், ஆபத்து போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. அதே நூல் அரசுப் பணியாளர் ஊதியத்தில் கடைசிப் படியாக 60 பணம் சொல்கிறது. அதை ஆண்டு ஊதியமாகவே பெரும்பாலும் கொள்கிறார்கள். அப்படியானால் 12 பணம் அந்தக் கடைசிப் படி ஆளுக்கு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கூலி. இன்றைய நோட்டீஸ் பீரியடுக்கு அது பக்கத்தில் வருவது தற்செயலாகவும் இருக்கலாம்.

இஸ்லாமியச் சட்டம் ஒப்பந்தத்தையும் வாக்குறுதியையும் பிரிக்கிறது. வெறும் வாக்குறுதியைக் காப்பது மார்க்கப்படி நற்செயல், ஆனால் காஜி அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலை. பாலக்காட்டின் தமிழ் பேசும் ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மரபும் பொதுவாக இந்தப் பக்கம்தான். கேட்டவருக்கு வழி திறந்தது மாலிக்கி மரபு. வாக்குறுதி ஒரு காரியத்தோடு கட்டப்பட்டு, கேட்டவர் அதை நம்பி அந்தக் காரியத்தில் இறங்கிவிட்டால், சொன்னவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று மாலிக்கிகளில் பலர் கொண்டனர். 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியின் தீர்மானமும் இந்தப் பக்கமே சாய்ந்தது. சொல்லின் கனம் சொன்ன வாயில் இருந்து கேட்டவர் கைக்கு இடம் மாறுவது இங்கேதான்.

அந்த இடமாற்றத்தை இந்தியச் சட்டம் பாதியளவுதான் ஏற்றிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, முன்மொழிவை அதன் ஏற்பு அனுப்பப்படும் வரை திரும்பப் பெறலாம், பிறகு முடியாது. ஆகவே ஏற்றுப் பதில் போட்ட ஆஃபர் லெட்டர் பொதுவாக ஒப்பந்தமாகிவிடுகிறது. அதற்குப் பின் வரும் மெயில் திரும்பப் பெறுதல் அல்ல, ஒப்பந்த மீறல். சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை என்று நிபந்தனை எழுதியிருந்து அது நிறைவேறாமல் போனால் கதை வேறு. மீறலுக்கு 73-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் வேறு வேலை தேடி இழப்பைக் குறைத்துக்கொள்ள வழி இருந்ததா என்பதையும் அதே பிரிவு கணக்கில் எடுக்கிறது. வேலையையே கொடு என்று தனியார் நிறுவனத்துக்கு நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. அரசு ஊழியர், தொழிற்சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளி, சட்டத்தால் அமைந்த நிறுவனம் ஆகிய மூன்றே விலக்குகள் என்று 1976-இல் வைஷ் பட்டக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. நோட்டீஸ் கொடுத்து விலக்கலாம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தால், இழப்பீடு அந்த நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடுவதே வழக்கம். விட்டுவந்த வேலையின் மதிப்பு அதில் சேர்வது அரிது.

அரசு வேலையில் சொல் இன்னும் தாமதமாகவே உறைகிறது. கேரளத் தேர்வாணையத்தின் ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தால் எல்லைப்புறத் தமிழ் வீடுகளிலும் பாயசம் வைப்பார்கள்; ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது நியமன உரிமை ஆகாது என்று சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அரசு தன்னிச்சையாக மறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கும் இந்த இரண்டையும் உறுதி செய்தது. நியமனத்துக்குப் பரிந்துரைக்கும் அட்வைஸ் மெமோ வந்த பிறகும், அது தவறுதலாகத் தரப்பட்டது என்று தெரிந்தால் தேர்வாணையம் ரத்து செய்ய விதி இருக்கிறது.

நம்பிச் செய்த காரியத்தை முழுதாக மதித்த தீர்ப்பு 1978-இல் வந்தது, வேலை வழக்கில் அல்ல, விற்பனை வரி வழக்கில். மூன்றாண்டு வரிவிலக்கு உண்டு என்ற உத்தரப் பிரதேச அரசின் சொல்லை நம்பி மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை நிறுவனம் வனஸ்பதி ஆலை கட்டியது. அரசு பின்வாங்க முடியாது என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி. வக்கீல்கள் புராமிசரி எஸ்டாப்பல் என்று சொல்லும் இந்தக் கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும் அரசுக்கு எதிராகவே எடுத்தாள்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா உச்ச நீதிமன்றம் 1981-இல் குரௌஸ் வழக்கில் இதை வேலைக்கே பொருத்தியது. ஒரு மருந்தாளுநர் புது வேலையை நம்பி இருந்த வேலையை விட்டார், வந்த இன்னொரு வேலையையும் மறுத்தார். பிறகு வேலை இல்லை என்றார்கள். சேர்ந்த மறுநாளே விலக்கக்கூடிய வேலைதானே என்ற வாதம் எடுபடவில்லை. சேர்ந்து பார்க்கும் வாய்ப்பாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் கருத்து. புது இடத்தில் கிடைத்திருக்கும் சம்பளத்தை விட, விட்டுவந்ததும் மறுத்ததுமே இழப்பின் அளவு என்றது.

ஏற்றுக்கொண்டு சேராமல் போகும் ஆளுக்கும் இந்தியாவில் அதே 73-ஆம் பிரிவுதான், அர்த்தசாஸ்திரத்தில் இருவருக்கும் அதே 12 பணம் இருந்தது போல. அவருடைய வழக்கில் இழப்பை நிரூபிக்க வேண்டியது நிறுவனம். அடுத்த ஆளை எடுத்திருந்தால் அந்தக் கணக்கு சிறுத்துப்போகும். வேலை இழந்தவர் காட்ட வேண்டியவை ஆஃபர் லெட்டர், ஏற்றுக்கொண்ட மெயில், ராஜினாமாக் கடிதம், ரிலீவிங் லெட்டர். முதல் இரண்டும் ஒப்பந்தத்தைக் காட்டும், பின்னிரண்டும் அதை நம்பி அவர் கைவிட்டதைக் காட்டும்.