புறக்கடையும் குருகுலமே

‘சுவாமிஜி, விடிந்தால் கோழிக்கூடு, பொழுது சாய்ந்தால் தக்காளிப் பாத்தி, இடையில் சமையல், பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள். இந்த நிலையில் ஜபம் எங்கே, தியானம் எங்கே?’ இல்லறத்தில் வாழும் சாதகர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், பல ஊர்களிலும் எழுப்புகின்ற கேள்வி இது. சோட்டாநாக்பூர் பீடபூமியின் சிற்றூராக இருக்கலாம். பெருநகரின் எல்லையில் சிறிது மண்ணுடன் அமைந்த வீடாகவும் இருக்கலாம். நாலைந்து கோழிகளும் பத்துத் தக்காளிச் செடிகளும் ஒருவருடைய நாளை முழுவதுமாக எடுத்துக்கொள்ள வல்லவை. வளர்த்தவர்கள் இதை அறிவார்கள்.

இக்கேள்வியிலுள்ள ஏக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் அதில் ஓர் அனுமானமும் மறைந்திருக்கிறது. பூஜையறையில் இறைவன் இருக்கிறான், புறக்கடையில் வேலை மட்டுமே இருக்கிறது என்பதே அந்த அனுமானம். நம் சாஸ்திரங்கள் இதை ஏற்கின்றனவா?

மாடு மேய்த்த மாணவன்

சாந்தோக்கிய உபநிஷதத்தில் சத்யகாம ஜாபாலனின் வரலாறு வருகிறது. பிரம்ம வித்தையை நாடி அவன் ஹாரித்ருமத கௌதமரிடம் சென்றான். உபநயனம் செய்வித்த ஆசிரியர் உடனே பாடம் தொடங்கவில்லை. மெலிந்து நலிந்த 400 பசுக்களைப் பிரித்து அவனிடம் ஒப்படைத்தார். அவை ஆயிரமாகும்வரை திரும்புவதில்லை என்று உறுதி பூண்டு சத்யகாமன் காட்டுக்குச் சென்றான். ஆண்டுகள் பல கழிந்தன. மந்தை ஆயிரமானபோது ஒரு காளை அவனிடம் பேசியது. அதன்பின் அக்னியும், அன்னமும், ‘மத்கு’ என்னும் நீர்ப்பறவையும் பேசின. நான்கும் பிரம்மத்தின் ஒவ்வொரு பாதத்தை அவனுக்கு உபதேசித்தன.

மாடு மேய்ப்பவர் அனைவரும் பிரம்மஞானி ஆகிவிடுவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். சத்யகாமனிடம் மூன்று பண்புகள் இருந்தன. ஒப்புக்கொண்ட பொறுப்பை அவன் பாதியில் விடவில்லை. மந்தையைத் தன்னுடையதென்று கருதவில்லை, அது ஆசிரியருடையது. காட்டின் தனிமையில் அவன் விழிப்புடன் இருந்தான். அதனால்தான் காளை பேசியதும் அவனுக்குக் கேட்டது. பொறுப்பு, மமதையின்மை, விழிப்பு ஆகிய இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் மேய்ச்சல் நிலமே குருகுலமாகிறது. அப்படியானால் புறக்கடைக்கு மட்டும் அந்தத் தகுதி இல்லாமல் போகுமா?

மண் சொல்லும் பாடங்கள்

தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைப் பலர் கண்டிருப்பார்கள். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததே இதன் காரணம். மண்ணில் அந்தச் சத்து போதிய அளவு இருக்கும்போதுகூட இது நேர்கிறது. நீரே அதை வேரிலிருந்து காய்க்குக் கொண்டுசெல்ல வேண்டும். நான்கு நாள் வறளவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் அந்தப் போக்கு தடைப்படுகிறது. நாள்தோறும் அளவாக ஊற்றிய நீரே காயைக் காக்கிறது. சாதனையும் இப்படித்தான். ஒரு விசேஷ நாளில் மூன்று மணி நேரம் ஜபம், பிறகு பத்து நாள் மறதி என்றிருந்தால், நாம் படித்த உயர்ந்த கருத்துகள் யாவும் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. குணமாகிய கனிக்கு அவை வந்து சேர்வதில்லை. தினமும் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அது தினமும் இருக்க வேண்டும்.

கோழி எரு செடிக்கு மிகச் சிறந்த உணவு. ஆனால் கூட்டிலிருந்து வாரியவுடன் வேரடியில் இட்டால் செடி கருகிவிடும். சருகுடனும் மண்ணுடனும் கலந்து, சில மாதங்கள் மட்கவிட்டால் அதுவே அமுதமாகிறது. நமக்கு நேர்ந்த அவமானமும் ஏமாற்றமும் இத்தகையவை. சூட்டோடு அவற்றைக் கையாண்டால் உறவுகள் கருகுகின்றன. பிரார்த்தனையில் வைத்து ஆறவிட்டால் விவேகமாக மாறுகின்றன.

வேலியும் ஒரு பாடம். கிளறுவது கோழியின் இயல்பு. நேற்று நட்ட நாற்று என்பது அதற்குத் தெரியாது. நாற்று பாழானால் கோழியைக் கடிந்து பயனில்லை. படலைத் திறந்து வைத்தவர்கள் நாம்தான். ஆயினும் கோழி தோட்டத்துக்குப் பகையன்று. காய்ப்பு முடிந்த பாத்தியில் அதை விட்டுப் பாருங்கள்! மண்ணைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி, எருவும் இட்டு, அடுத்த நடவுக்கு நிலத்தைப் பதப்படுத்தித் தருகிறது. புலன்களும் அத்தகையவையே. அவற்றை அழிக்க வேண்டியதில்லை; எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்ற விவேகமே தேவை.

முயற்சி நமது, பலன் யாருடையது?

‘வெள்ளைக் கழிச்சல்’ என்று நம் மக்கள் அழைக்கும் நோய்க்கு ராணிகேத் நோய் என்றும் பெயர் உண்டு. உத்தராகண்டிலுள்ள மலையூரின் பெயர் அது. தடுப்பு மருந்து பெறாத கோழிகளிடையே இந்நோய் புகுந்தால் சில நாட்களில் கூடு வெறுமையாகிவிடும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தையொட்டி ஊசியும் அளிப்பது வழக்கம். ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று இதைச் செய்யாதிருப்பது பக்தியன்று. சோம்பல் பக்தியின் ஆடையை உடுத்தி வருவதே அது.

செய்ய வேண்டியதைச் செய்த பிறகும் இழப்பு வரலாம். கீரியோ பருந்தோ ஒரு குஞ்சைக் கொண்டுபோகலாம். சிறிய அளவில் தக்காளி விற்று வாழ்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். 2023 ஜூலையில் பல நகரங்களில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயையும் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் பல சந்தைகளில் மொத்த விலை 10 ரூபாய்க்கும் கீழே சென்று, உழவர்கள் பறித்த பழத்தைச் சாலையோரம் கொட்டினர். செடி ஒன்றே, உழைப்பும் ஒன்றே. பலன் மட்டும் நம் கையில் இல்லை. கீதையின் கர்மயோகம் உழவருக்கு ஏட்டுக் கருத்தன்று. ஒவ்வொரு பருவமும் அவர் எழுதும் தேர்வு.

பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் அவதூதர் தம் இருபத்து நான்கு குருமார்களில் ஒருவராகப் புறாவைக் குறிப்பிடுகிறார். குஞ்சுகள் வலையில் சிக்கக் கண்டு, பாசத்தால் மதியிழந்து, தாயும் தந்தையும் அதே வலையில் விழுந்தன. இதைக் கேட்டுப் பற்றின்மை என்றால் அக்கறையின்மை என்று எண்ணிவிடக் கூடாது. மாலையில் கூட்டின் தாழ்ப்பாளை இருமுறை சரிபார்ப்பவர், மறுநாள் ஒரு கோழி குறைந்திருந்தாலும் நிலைகுலையாமல் மற்றவற்றுக்குத் தீனி வைப்பார். அக்கறையில் குறையும் இல்லை, துயரில் மூழ்குதலும் இல்லை. அதுவே பற்றின்மை.

முட்டை நின்றபின்

இப்போது பலரும் பேசத் தயங்கும் ஒன்றுக்கு வருவோம். பெட்டைக்கோழி முதல் இரண்டு ஆண்டுகளில் நிறைய முட்டையிடும்; பின்பு குறைந்துகொண்டே போகும். கோழியின் ஆயுளோ அதனினும் நீண்டது. முட்டை நின்ற கோழியை என்ன செய்வது? பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகிவிடுமே, அவற்றை என்ன செய்வது?

புலால் உண்ணும் குடும்பங்கள் உண்டு. மலைநாட்டு ஏழைக் குடிசையில் கோழி என்பது விருந்தினருக்கு உணவு. பிள்ளையின் பள்ளிச் செலவு. நோய் வந்தால் மருத்துவச் செலவு. நகரத்திலிருந்துகொண்டு அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் புலால் உண்ணாத வீட்டார் கிழக்கோழியைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, ‘நம் கை சுத்தம்’ என்று அமைதி கொள்வது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். கத்தி வேறொருவர் கையில் இருந்தாலும், முடிவு எடுத்தது நாம். ஆகவே குஞ்சுகளை வாங்கும் முன்பே அவற்றின் முதுமையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள முடியுமா என்று சிந்திப்பதே அறம். முடியாதெனில் தக்காளியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

நம் முன்னோர் இல்லறத்தாருக்கு விதித்த ஐந்து பெரு வேள்விகளில் ஒன்று பூத யக்ஞம். பிற உயிர்களுக்கு உணவளித்தல். பெற்றுக்கொண்டு திருப்பித் தராமல் உண்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் திருடன் என்றே கூறுகிறது. இரண்டு ஆண்டு முட்டை தந்த கோழிக்கு எஞ்சிய நாட்களில் ஒரு பிடி தானியம் இடுவது தர்மமன்று. கடனைத் திருப்பித் தருதல்.

இதிலிருந்து இன்னும் ஒரு படி செல்ல வேண்டியிருக்கிறது. ‘இது எனக்கு என்ன தருகிறது?’ என்று மட்டுமே கேட்கப் பழகிய மனம் கோழிக்கூட்டோடு நிற்பதில்லை. வருமானம் நின்றுபோன தந்தை திண்ணையில் அமர்ந்திருக்கிறார். சமையலறையில் கை நடுங்கும் மாமியார் ஒரு பாத்திரத்தைத் தவறவிடுகிறார். அப்போது நம் முகம் எப்படி மாறுகிறது? முட்டை நின்ற கோழியைப் பரிவுடன் பார்க்கக் கற்ற கண், அவர்களையும் அவ்வாறே பார்க்கும். உயிரைப் பயனாகப் பார்ப்பதா, இறைவனின் இருப்பாகப் பார்ப்பதா என்ற தேர்வு அனுதினமும் நம் புறக்கடையில் நடைபெறுகிறது.

நாளை முதல்

அன்பர்களே, புதிதாக நேரம் தேட வேண்டாம். இருக்கும் நேரத்தைப் புனிதப்படுத்துங்கள். காலையில் கூட்டைத் திறக்கும்போது இறைநாமத்தை ஒருமுறை சொல்லுங்கள். செடிக்கு நீர் ஊற்றும்போது கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, ஊற்றுவதில் மட்டும் மனத்தைச் செலுத்துங்கள். பருவத்தின் முதல் பழத்தை உண்ணாமல் ஒருவருக்குக் கொடுங்கள். இரவில் தாழ்ப்பாளிடும்போது, ‘காப்பவன் நீ, நான் உன் காவலாள்’ என்று நினையுங்கள். அதன்பின் பூஜையறையில் அமரும் பதினைந்து நிமிடங்களுக்கு, அந்த நாள் முழுவதுமே ஆயத்தமாக இருந்திருப்பதைக் காண்பீர்கள்.

சத்யகாமன் ஆயிரம் பசுக்களுடன் திரும்பி வந்தான். மந்தை எவ்வளவு பெருகியது என்று ஆசிரியர் வினவியதாக உபநிஷதம் கூறவில்லை. அவர் அவனுடைய முகத்தைப் பார்த்தார். அதில் பிரம்மத்தை அறிந்தவனின் ஒளி தெரிந்தது. எத்தனை முட்டை, எத்தனை கிலோ தக்காளி என்று உலகம் நம்மிடம் கேட்கும். குரு பார்ப்பது, அவற்றை வளர்த்த நாம் என்னவாக வளர்ந்தோம் என்பதையே.