ஈடு செய்யக்கூடியதும் ஈடு செய்யப்பட்டதும்

ஒரு நாட்டுக்கு நன்மை பயக்கும் செயலொன்று அந்நாட்டினர் சிலரது வாழ்வைக் குலைக்குமாயின், அச்சிலர்க்கு நாடு கடன்பட்டதாகுமா? ஐக்கிய அமெரிக்காவின் 1962ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டம் இவ்வினாவுக்கு ஆம் என்றே விடையளித்தது. சுங்கத் தீர்வைகளைக் குறைக்கும் அதிகாரத்தைக் காங்கிரசிடம் வேண்டிய ஜனாதிபதி கென்னடி, அதனால் வேலையிழக்கும் தொழிலாளரின் சுமையில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்றல் வேண்டுமென வாதிட்டார். 1954இலேயே உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்ட் இக்கருத்தை ஓர் அரசாங்க ஆணைக்குழுவில் முன்வைத்திருந்தார். அச்சட்டப்படி தகுதிபெற்றோர் முன்னைய ஊதியத்தில் 65 வீதம் வரை உதவிப்பணமும் மறுபயிற்சியும் பெறக்கூடியதாயிருந்தது.

இதற்கு எதிராக எழுப்பப்படும் கேள்வி எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. சப்பாத்துத் தொழிற்சாலையொன்று பிறநாட்டுச் சப்பாத்துகளின் வரவால் மூடப்படுகின்றது எனக் கொள்வோம். அயலிலுள்ள மற்றொன்று புதிய இயந்திரத்தை நிறுவி ஆட்களைக் குறைக்கின்றது. இரு தொழிலாளரும் ஒரே வீதியால் வெறுங்கையுடன் வீடு திரும்புகின்றனர். முதல்வனுக்கு மட்டும் சிறப்புதவி ஏன்? தீர்வையைக் குறைத்தது அரசு, இயந்திரத்தை நிறுவியது முதலாளி என்பது வழக்கமான விடை. அது நெடுந்தூரம் செல்லாது. இயந்திரக் கொள்வனவுக்கு வரிச்சலுகை அளிப்பதும் அரசே. அன்றியும், தீர்வை நீடித்த காலமெல்லாம் அதன் பாரத்தைத் தாங்கியவர் கூடிய விலைக்குச் சப்பாத்து வாங்கிய ஏழைகளே எனவும் கூறலாம்.

ஆதலின் கடனின் வேரை வேறிடத்தில் தேடவேண்டியுள்ளது. தீர்வைக் குறைப்பை நியாயப்படுத்தும் வாதத்தினுள்ளேயே அது காணப்படுகின்றது. 1939இல் நிக்கலஸ் கால்டோரும் ஜோன் ஹிக்ஸும் பொருளியலுக்கு ஓர் அளவுகோலை வழங்கினர். ஒரு மாற்றத்தால் நயமடைவோர், நட்டமடைவோர்க்கு ஈடு செய்த பின்னரும் மிகுதியுடையோராய் இருக்கக்கூடுமெனின், அம்மாற்றம் நாட்டின் நலனைப் பெருக்குவதாகும். ஈடு உண்மையிலே செய்யப்படல் வேண்டுமென்பதில்லை, செய்யக்கூடியதாயிருத்தல் போதும். கணக்கிற்கு இது பயன்படலாம். அறத்திலோ இது விசித்திரமானது. கடனைத் தீர்க்கும் வசதி தன்னிடம் உண்டெனக் காட்டி, கடன் தீர்ந்துவிட்டதாகச் சாதிப்பவனை எவ்வூரார் நேர்மையாளன் என்பர்? நாடு முழுவதற்கும் நன்மை எனக் கூறப்படுகையில், அந்நாட்டினுள் வேலையிழப்போரும் அடங்குவர். அவர்கள் பெயராலும் எடுத்துரைக்கப்பட்ட நன்மையில் அவர்களுக்குப் பங்கில்லையெனின் அவ்வுரை பொய்யாகின்றது. இயந்திரத்தால் வேலையிழந்தவனும் இதே நியாயத்தை எடுத்துரைக்கலாம் என்பது உண்மை. அது அவனுக்கும் கொடுப்பதற்குக் காரணமாகுமேயன்றி, மற்றவனிடமிருந்து பறிப்பதற்குக் காரணமாகாது.

கடனென ஒப்புக்கொண்ட அரசு அதனை எவ்வாறு செலுத்தியது என்பது வேறு கதை. இறக்குமதி பெருகியதற்குத் தீர்வைக் குறைப்பே பெருங்காரணம், வேலையிழப்புக்கு அவ்விறக்குமதியே பெருங்காரணம் என இரண்டையும் நிறுவுமாறு 1962ஆம் ஆண்டுச் சட்டம் கோரியது. விளைவாக, 1969ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி வரை ஒரு தொழிலாளர் குழுவேனும் தகுதிபெறவில்லை. தொழிற்சங்கத்தார் இத்திட்டத்தை ஈமச்செலவுக் காப்புறுதி என எள்ளினர். 1974ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனைகளைத் தளர்த்தியது. 1980இல் மோட்டார் வண்டித் தொழிலாளர் பெருந்தொகையாக இடைநிறுத்தப்பட்டபோது செலவு ஏறத்தாழ 160 கோடி டொலரை எட்டியது. பழைய வேலைக்கு மீண்ட பின்னரே அப்பணத்தைப் பெற்றோரும் பலர். 1981இல் றேகன் நிர்வாகம் உதவிப்பணத்தைக் குறைத்து மறுபயிற்சிக்கு முதன்மை தந்தது.

மறுபயிற்சி இருபத்தைந்து வயதினனுக்கு ஒரு வாயில். ஐம்பத்தைந்து வயது நெசவாளிக்கோ, முப்பது ஆண்டுக் கைப்பழக்கம் பயனற்றது என்ற தீர்ப்பு. 2002ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்தது. ஐம்பது வயதை எட்டியோர் குறைந்த ஊதிய வேலையை ஏற்பின், ஊதிய வேறுபாட்டிற் பாதியை, இரண்டு ஆண்டுகளில் 10,000 டொலர் வரை, பெற வழிவகுத்தது. ஊதிய வேறுபாட்டை அளக்கலாம். தொழிலாற் பெற்ற மதிப்பையும் ஊரோடிருந்த பிணைப்பையும் அளக்கக் கோலில்லை. எனினும் அளக்க முடியாமை கொடாமைக்கு நியாயமாகாது. விபத்தில் இழந்த கைக்கு நீதிமன்றம் நட்டஈடு மதிப்பது அக்கை மீளும் என்பதற்காகவன்று. பொறுப்பு எவருடையது என்பதைப் பதிவு செய்தற்கும் அது வேண்டப்படுகின்றது.

1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு முடிவுத் திகதி குறிக்கப்படவில்லை. உதவித் திட்டமோ காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டியதாயிருந்தது. 2022 யூலை 1ஆம் திகதி அதன் தவணை முடிந்தது. புதிய விண்ணப்பங்களுக்குத் தகுதி வழங்குதல் நின்றது.

இலங்கையில் இவ்வினா சட்டமாகும் நிலையை எட்டவேயில்லை. 1970களின் இறக்குமதித் தடைகளை நம்பி வடபகுதிச் செய்கையாளர் மிளகாயிலும் வெங்காயத்திலும் முதலிட்டனர், கைத்தறிகள் பெருகின. 1977இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது இரு சாராரும் அடிபட்டனர். அரசின் கொள்கையை நம்பி முதலிட்டவர் என்ற வகையில் இவர்களது உரிமை அமெரிக்கத் தொழிலாளனுடையதினும் வலியது எனலாம். 1979இல் வந்த உணவு முத்திரைத் திட்டம் குறைந்த வருமானமுடையோர்க்கென வகுக்கப்பட்டது. அதனைப் பெற்ற நெசவாளி, வறியவர் என்ற பெயரிற் பெற்றாரேயன்றி, நாட்டின் மாற்றத்துக்கு விலை செலுத்தியவர் என்ற பெயரிலன்று. சொந்த நிலமும் நீரிறைக்கும் இயந்திரமும் உடைய மிளகாய்ச் செய்கையாளர் பலர் அவ்வரையறைக்குள் அடங்கியிருக்கவும் மாட்டார்.