அட்டிலா திருமுழுக்குப் பெற்றிருந்தால்

வரலாறு நிகழ்ந்ததை உரைப்பது. நிகழாததை எண்ணிக் கொண்டிருப்பது வீண் வேலை என்பார் உளர். எனினும், ‘இவ்வாறு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்கும்போதுதான் நடந்தவற்றின் காரணங்களை நாம் உண்மையாகவே தேடத் தொடங்குகிறோம் என்பது ஆசிரியப் பணியில் இருந்தோர் அறிந்ததே. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசை நடுங்கச் செய்த ஹூணர் மன்னன் அட்டிலா கிறித்தவ சமயத்தைத் தழுவியிருந்தால், அவன் வாள் உறைக்குள் அடங்கியிருக்குமா? இதுவே ஈண்டு நாம் எடுத்துக் கொள்ளும் வினா. அருகன் நெறியினராகிய நமக்கு இவ்வினா எற்றுக்கு எனலாம். ஒரு சமயத்தை ஏற்றல் ஒருவன் கையைக் கட்டுமா என்பது எல்லாச் சமயத்தார்க்கும் உரிய வினா. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டார்க்கோ அது தம் வீட்டு வினா.

அட்டிலா 434-ஆம் ஆண்டளவில் தன் உடன்பிறந்தான் பிளேடாவோடு அரசேற்றான்; பத்தாண்டுக்குப்பின் அவனைக் கொல்வித்துத் தனியாட்சி கொண்டான் என்பர். தானூப் ஆற்றுக்கு வடக்கே இருந்துகொண்டு கீழை உரோமைப் பேரரசிடம் அவன் ஆண்டுதோறும் திறை பெற்றான். முன்னர் 350 இராத்தல் பொன்னாக இருந்த அத்திறை 700 ஆயிற்று. பின்னர் 2,100 இராத்தலாக உயர்ந்தது. இன்றைய அளவில் இது 680 கிலோவுக்கும் மேற்பட்ட பொன்னாகும்.

அப்பொன்னை அவன் துய்த்தானா? 449-ஆம் ஆண்டில் தூதுக்குழு ஒன்றனோடு அவன் இருப்பிடத்துக்குச் சென்ற பிரிஸ்கஸ் என்னும் அறிஞர் தாம் கண்ட விருந்தைக் குறித்து வைத்துள்ளார். விருந்தினர்க்கு வெள்ளித் தட்டுகளில் உணவு படைக்கப்பட்டது; அரசன் மரத்தட்டில் உண்டான். மற்றவர்க்குப் பொன்னும் வெள்ளியுமான கிண்ணங்கள், அவனுக்கு மரக்கிண்ணம். உடையிலும் தூய்மையன்றிப் பகட்டு இல்லை. இதை மட்டும் படிப்போர் பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தை மேற்கொண்ட இல்லறத்தான் ஒருவனைக் காண்பதாகவே எண்ணக்கூடும்! ஆனால் அந்தப் பொன் அவன் தட்டில் தங்காமல் தலைவர்களின் கைக்குச் சென்றது. கொடுக்கும் வரையில்தான் அவன் மன்னன். கொடை நின்றால் குதிரைகள் வேறு தலைவனிடம் திரும்பும். ஆகவே, ஆண்டுதோறும் திறையோ கொள்ளையோ வந்தாக வேண்டும். அவனுடைய கொலைத்தொழிலின் வேர் அவன் வணங்கிய தெய்வத்தில் இல்லை, இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது என்பது நம் கருத்து.

451-ஆம் ஆண்டில் கால் நாட்டுப் போரில் அவன் தடுக்கப்பட்டான். அடுத்த ஆண்டு இத்தாலியில் புகுந்து அக்குலேயா நகரை அழித்தான். அப்போது மின்சியோ ஆற்றங்கரை அருகே பாப்பரசர் முதலாம் லியோ அவனைச் சந்தித்தார்; அட்டிலா திரும்பிச் சென்றான். லியோவின் அருளாற்றலே காரணம் எனக் கிறித்தவ மரபு கூறும். படையில் பரவிய நோயும், உணவுப் பஞ்சமும், தானூபைக் கடந்து வந்த கீழை உரோமைப் படையும் காரணம் என்பர் வரலாற்றாசிரியர். எதுவாயினும் ஆகுக. அந்த ஆற்றிலேயே அவன் திருமுழுக்குப் பெற்றான் என்று கொள்வோம்.

அதன்பின் நிகழ்ந்திருக்கக் கூடியதை அறியப் பெரிய கற்பனை வேண்டுவதில்லை. அக்காலத்திலேயே சான்றுகள் உள. 410-இல் உரோமை நகரைச் சூறையாடிய காத் இனத் தலைவன் அலாரிக் கிறித்தவன். ஆரியுஸ் என்பாரின் கொள்கை வழி நின்றவனேயாயினும் கிறித்தவனே. 455-இல் அதே நகரைப் பதினான்கு நாள் கொள்ளையிட்ட வாண்டல் மன்னன் கைசரிக்கும் அவ்வாறே. பிராங்க் மன்னன் குளோவிஸ் ரெய்ம்ஸ் நகரில் ஆயர் ரெமிஜியுஸ் கையால் திருமுழுக்குப் பெற்றான். பெற்றபின் 507-இல் மேலைக் காத்தியரோடு பொருது அவர் மன்னனைக் கொன்றான். தன் உறவினரான சிற்றரசர்களையும் ஒருவர்பின் ஒருவராக ஒழித்தான். இவற்றை எழுதியவர் அவன் பகைவர் அல்லர், தூர் நகரத்து ஆயர் கிரிகோரி.

ஹூண மன்னன் ஒருவனே மதம் மாறிய செய்தியும் உண்டு. கருங்கடலின் வடகரையில் பாஸ்பரஸ் நகரத்தை அடுத்து வாழ்ந்த ஹூணரின் தலைவன் கிராட் 528-ஆம் ஆண்டளவில் கான்ஸ்டாண்டிநோபிள் சென்று, பேரரசர் ஜஸ்டினியன் ஞானத்தந்தையாக நிற்கத் திருமுழுக்குப் பெற்றான். ஊர் திரும்பியதும் தன் மக்கள் வழிபட்ட வெள்ளிப் படிமங்களை உருக்கி நாணயமாக மாற்றிக் கொண்டான். பூசாரிகள் சினந்து அவனைக் கொன்று, அவன் உடன்பிறந்தானை அரசனாக்கினர். புதிய சமயம் அவனுக்குக் கற்பித்த முதற்செயல் தன் மக்களின் நெஞ்சைப் புண்படுத்தியது என்பதைப் படிக்கும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது.

இவ்விடத்தில், ‘கிறித்தவம் அவ்வாறு, நம் நெறி வேறு’ என்று சொல்லி நகர்ந்துவிடுதல் நேர்மையன்று. ஒடிசாவின் உதயகிரிக் குன்றில் காரவேலன் பொறித்த அத்திகும்பா கல்வெட்டு அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்குகிறது. தொடர்ந்து அவன் படையெடுப்புகளை ஆண்டு வாரியாக அடுக்குகிறது. தமிழரசர் கூட்டணியை உடைத்ததையும் சொல்கிறது. வணக்கத்துக்கும் போருக்கும் இடையே அக்கல்லில் ஒரு தடுமாற்றமும் காணப்படவில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். அறிந்தமையால்தான் சிரேணிக மன்னன் வரலாற்றை அத்தனை கண்டிப்போடு சொல்லி வைத்தனர். முனிவர் கழுத்தில் செத்த பாம்பை இட்டு ஏழாம் நரகத்துக்கு வினை கட்டியவன் அவன். பின்னர் வர்த்தமானரின் அடியவனாகி அசையாத நற்காட்சி பெற்றான். வருங்காலத் தீர்த்தங்கரர் ஆதற்கும் உரியவனானான். ஆயினும் நரகம் நீங்கவில்லை. ஏழாம் நரகம் முதல் நரகமாகக் குறைந்தது, அவ்வளவே. நற்காட்சி செய்யக் கூடியதும் கூடாததும் அக்கதையில் அளந்து காட்டப்பட்டுள்ளன. நல்லொழுக்கத்தை மூன்றாவது மணியாகத் தனியே வைத்ததன் காரணமும் இதுவே என்க.

இத்துடன் முடித்துவிட்டால் அலாரிக்குக்கு அநீதி செய்தவர்களாவோம். அவன் உரோமையைச் சூறையாடிய மூன்று நாளும் பேதுரு, பவுல் திருக்கோயில்களில் புகலடைந்தோரைத் தொடலாகாது என ஆணையிட்டிருந்தான். அவ்வாணை பெரும்பாலும் காக்கப்பட்டது. காக்கை இறைச்சியை மட்டும் விடுவதாக முனிவரிடம் விரதம் ஏற்ற வேடனின் கதையை நாம் அறிவோம். ஒரு பறவையின் ஊன். அதிலும் எளிதில் விடக்கூடியது. அவ்வேடனே பின்னொரு பிறவியில் சிரேணிகனாகத் தோன்றினான் என்கிறது புராணம். ஆகவே, இரண்டு கோயில்களின் சுவர்களுக்குள் அடங்கிய அக்கொல்லாமையைச் சிறிது என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

390-இல் தெசலோனிக்கா நகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொல்வித்த பேரரசன் தியோடோசியஸை மிலான் ஆயர் அம்புரோஸ் வழிபாட்டில் சேர்க்க மறுத்தார். மன்னன் மக்கள் முன்னிலையில் வருந்தி நின்றான். ஆனால் அம்புரோஸுக்குத் தமக்கென ஒரு நகரம் இருந்தது. தம்மைச் சூழ்ந்த மக்கள் இருந்தனர். அட்டிலாவின் கூடாரத்தில் அவன் ரொட்டியை உண்டு, அவன் வண்டியோடு நகர்ந்து செல்லும் குருவுக்கு அவை ஏது?

453-இல் அட்டிலா தன் புதுமணத்தன்று இரவில் குருதிப் பெருக்கால் இறந்தான். அவனை அடக்கம் செய்த ஏவலரை, புதைத்த இடம் வெளிப்படாதிருக்கக் கொன்றனர் என்று ஜோர்டானஸ் எழுதுகிறார். கிறித்தவனாக இறந்திருந்தால் குரு ஒருவர் மன்றாட்டுச் சொல்லிப் புதைத்திருப்பார். அந்த ஏவலராவது உயிரோடு வீடு திரும்பியிருப்பர் என எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அதே ஜோர்டானஸ் அலாரிக்கின் அடக்கத்தையும் எழுதியுள்ளார். பூசெந்தோ ஆற்றைத் திருப்பி, அதன் படுகையில் அவனுக்குக் குழி தோண்டிய சிறைக்கைதிகளை வேலை முடிந்ததும் கொன்றுவிட்டனராம். உரோமைக் கோயில்களில் ஒதுங்கியோர் பிழைத்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.