கண்டபின் ஒப்பம்

தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அந்நாளில் குளிப்பை அறிவிக்குமுன் முத்துப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கண்ட முத்துக்கு மதிப்பிடுவர். மூடிய சிப்பி சான்றாகாது.

நகரின் சாலைப் பணியை ஆய்வுசெய்யும் பொறியாளருக்கும் இக்கடமை உண்டு. தார்க்கலவையின் கனத்தைத் துளையிட்டு அளந்த பின்னரே அளவுப் புத்தகத்தில் அவர் ஒப்பமிட வேண்டும். காணாது ஒப்பமிட்டும் சாலை நன்றாக அமைந்துவிட்டால் குற்றமென்ன என்பர் சிலர். நாம் அதனை ஏற்கோம். சாலை நல்லதாகலாம், சாட்சியம் பொய்யே.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பொழிந்தது. அத்தகைய வெள்ளத்தில் பழுதற்ற சாலையும் பெயரலாம். ஆயினும் கண்டு ஒப்பமிட்டவரின் நெஞ்சம் கலங்காது.

பாதையிலுள்ள இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றனர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இடரைக் காணாமலே ஒப்பமிடும் கை எதன் கிளை?